எட்டுப் படி ஏறும் கப்பல்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் லூயிஸ்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பசிபிக் கடலிலிருந்து ஆற்று வழியாக 465 மைல் உள்ளே போனால்தான் அந்த ஊர் வரும். கடல்மட்டத்திலிருந்து அங்குள்ள ஆற்றுநீரின் உயரம் சுமார் 738 அடி. கடலுக்கும் ஊருக்கும் நடுவே காஸ்கேட் மலைத்தொடர் வடக்குத் தெற்காகக் குறுக்கே கிடக்கிறது. அப்படியிருந்தும் லூயிஸ்டன் ஒரு துறைமுகம். கோதுமை ஏற்றிய பார்ஜ் படகுகள் அங்கிருந்து கடலை நோக்கி இறங்குகின்றன. வசந்தம் பிறந்ததும் போர்ட்லாந்து நகரத்திலிருந்து சிறிய பயணிகள் கப்பல்கள் எதிர்த்திசையில் ஏறிவருகின்றன. அறுபது பேர் ஏறுபவையும் உண்டு, இருநூறு பேரை நெருங்குபவையும் உண்டு. சுமார் ஒரு வாரம் நிதானமாகப் பயணம் செய்து, லூயிஸ்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள கிளார்க்ஸ்டனில் வந்து கட்டுகின்றன.

ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது. அதை எதிர்த்துப் போகிற கப்பல் மேடு ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் இந்தப் பயணத்தில் எந்த இடத்திலும் சரிவு கண்ணில் படுவதில்லை. நீர்ப்பரப்பு தட்டையாக, பல இடங்களில் அலைகூட இல்லாமல் கிடக்கிறது. கொலம்பியா ஆறும் அதன் துணையாறான ஸ்னேக் ஆறும் இங்கே பழைய ஆறுகளாக இல்லை என்பதே காரணம். 1938-இல் போனவில் அணையில் தொடங்கி 1975-இல் லோயர் கிரானைட் அணை முடியும் வரை, இந்த வழியில் எட்டு அணைகள் எழுந்தன. கொலம்பியாவில் போனவில், தி டால்ஸ், ஜான் டே, மெக்னேரி. ஸ்னேக் ஆற்றில் ஐஸ் ஹார்பர், லோயர் மானுமென்டல், லிட்டில் கூஸ், லோயர் கிரானைட். ஒவ்வோர் அணையும் தன் முதுகுக்குப் பின்னால், அடுத்த அணையின் அடிவாரம் வரை நீரைத் தேக்கிச் சமமாக்கியது. நூற்றுக்கணக்கான மைலுக்குப் பரவிக் கிடந்த சரிவெல்லாம் எட்டே இடங்களில் செங்குத்தாகக் குவிந்துவிட்டது. சுற்றுலா விளம்பரங்கள் இதை லூயிஸ், கிளார்க் என்ற ஆய்வுப் பயணிகள் 1805-இல் கண்ட காட்டாறாகக் காட்டுகின்றன. பயணி உண்மையில் ஏறுவது ஒரு மாடிப்படி. என்னைக் கேட்டால், காட்டாறைவிட இந்தப் படிக்கட்டுதான் சுவாரசியமானது.

படி ஏற்றிவிடும் பொறிக்கு லாக் என்று பெயர். அணையின் ஓரத்தில் கான்கிரீட்டில் கட்டிய நீண்ட தொட்டி; இரு முனையிலும் கதவு. கீழ்க்கதவு திறந்திருக்கும்போது கப்பல் உள்ளே நுழைகிறது. கதவை மூடி, மேல் ஏரியிலிருந்து வரும் சுரங்கக் குழாய்களின் வால்வைத் திறக்கிறார்கள். தொட்டியின் தரையிலுள்ள துளைகள் வழியாக நீர் பொங்கி ஏறுகிறது, கப்பலும் ஏறுகிறது. மேல் ஏரியின் மட்டத்தைத் தொட்டதும் மேல்கதவு திறக்கும், கப்பல் வெளியே போகும். பம்பு எங்கும் கிடையாது. வால்வையும் கதவையும் அசைக்க மட்டும்தான் மின்சாரம். தூக்கும் வேலை முழுவதையும் புவியீர்ப்பு செய்துவிடுகிறது.

பழைய லாக்குகளின் கதவுகள் இரட்டைக் கதவுகள். மூடும்போது நேர்கோட்டில் சேராமல், நீர் அதிகமுள்ள பக்கம் நோக்கிக் கூம்பி நிற்கும். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவுகள் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். லியனார்டோ டா வின்சியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த ஏற்பாடு இன்றும் உலகம் முழுவதும் உழைக்கிறது. ஆனால் ஜான் டே அணையில் படியின் உயரம் சுமார் 110 அடி. அமெரிக்காவில் ஒரே மூச்சில் இவ்வளவு உயரம் தூக்கும் லாக் வேறில்லை. அங்கே கீழ்ப்பக்கத்தில் இரட்டைக் கதவுக்குப் பதில் ஒற்றை இரும்புக் கதவு; அதை மேலிருந்து தூக்குகிறார்கள். கப்பல் அதன் அடியில் நுழையும்போது கதவிலிருந்து தண்ணீர் சொட்டும். மேல்தளத்தில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் நனைவார்கள்.

உள்ளே போனபின் கப்பலைச் சுவரில் கட்டவேண்டும். 110 அடி ஏறப்போகிற கப்பலை எந்த உயரத்தில் கட்டுவது? சுவரில் செங்குத்தான பள்ளங்கள் வெட்டி, அவற்றுக்குள் மிதவையோடு கூடிய கட்டுக்கம்பங்களை வைத்திருக்கிறார்கள். கப்பலின் கயிறு அந்தக் கம்பத்தில். நீர் ஏற, கப்பலும் கம்பமும் சேர்ந்து ஏறுகின்றன. இரும்பு உருளைகள் பள்ளத்தில் உரசிக் கிறீச்சிடும் சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும். நள்ளிரவில் லாக் ஏறும்போது தூக்கம் கலைந்து, என்னவோ ஏதோ என்று வெளியே ஓடிவருகிறவர்கள் உண்டு.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜான் டே லாக்கின் அகலம் 86 அடி, நீளம் சுமார் 675 அடி. கப்பலை 110 அடி உயர்த்தத் தேவையான நீரின் அளவு ஏறத்தாழ 1,80,000 கனமீட்டர், அதாவது 18 கோடி லிட்டர். கப்பல் பெரிதாக இருந்தால் நீர் குறைவாகப் போதுமே, அது இடத்தை அடைத்துக்கொள்ளுமே என்று தோன்றும். அப்படி இல்லை. கப்பல் உள்ளே நுழைந்தபோதே தன் எடைக்குச் சமமான நீரைக் கீழ்ப்பக்கமாக வெளியே தள்ளிவிட்டது. அதன்பின் ஏறுவது தொட்டியின் பரப்பு முழுவதும். மிதக்கும் பொருள் எந்த உயரத்தில் மிதந்தாலும் ஒதுக்கும் நீர் ஒன்றே என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதன் விளைவு இது. பதினாயிரம் டன் கோதுமைக்கும் அறுபது சுற்றுலாப் பயணிகளுக்கும் லாக் செலவிடுவது அதே 18 கோடி லிட்டர்.

அந்த நீர் டர்பைன் வழியாக விழுந்திருந்தால் சுமார் 15,000 யூனிட் மின்சாரம் கிடைத்திருக்கும். பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஆனால் ஜான் டே மின்நிலையத்தின் திறன் 2,160 மெகாவாட். முழுத் திறனில் ஓடினால் அரை நிமிடத்துக்குள் ஈட்டிவிடும். லாக்கில் ஏறுவதற்குக் கப்பல் நிறுவனம் சுங்கம் எதுவும் கட்டுவதில்லை. அணைகளையும் லாக்குகளையும் நடத்துவது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. லாக் எல்லோருக்கும் இலவசம். சரக்குப் படகுகளாவது டீசலில் காலனுக்கு 29 சென்ட் நீர்வழி வரி கட்டுகின்றன. பயணிகள் கப்பலுக்கு அந்த வரியிலும் விலக்கு. வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்து வருகிற பயணியை, மலைமேல் இலவசமாகத் தூக்கிவைக்கிறது அரசாங்கம். இது நியாயமா என்று கோதுமை விவசாயிகள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களும் அதே லாக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

86 அடி என்ற அகலமும் பயணிகளை நினைத்து வைத்ததல்ல. கோதுமை பார்ஜின் அகலம் 42 அடி. இரண்டைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டினால் 84. இருபுறமும் ஓரடி இடைவெளி. அமெரிக்க உள்நாட்டு நீர்வழிகளில் பயணிகள் கப்பல் எப்போதுமே பார்ஜின் வீட்டில் குடியிருக்கும் விருந்தாளி. அதன் நீளம், அகலம், ஆழம், உயரம் எல்லாவற்றையும் வேறு எவருக்கோ அமைத்த அளவுகள்தான் தீர்மானிக்கின்றன.

ஆழத்தைப் பார்ப்போம். இன்றைய பெரிய கடற்பயணக் கப்பல்கள் 1,200 அடி நீளம் வரை வந்துவிட்டன. நீருக்குள் முப்பது அடி அமிழ்ந்து போகின்றன. லூயிஸ்டன் வரை பொறியாளர் படை பராமரிக்கும் ஆழம் 14 அடி. இந்த வழியில் பல ஆண்டுகள் ஓடிய 'நேஷனல் ஜியாகரபிக் சீ பேர்ட்' 152 அடி நீளம், 62 பயணிகள், நீருக்குள் அமிழ்வது எட்டு அடி. மிச்சமிருக்கும் ஆறடியும் வீண் இடம் இல்லை. ஆழம் குறைந்த நீரில் கப்பல் வேகமெடுத்தால், அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே நீர் நெருக்கிக்கொண்டு விரைந்து ஓடும். விரைந்து ஓடும் நீரில் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலி காட்டிய விதி. கீழே அழுத்தம் குறைந்ததும் கப்பல் மேலும் அமிழும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இந்த அமிழ்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மூன்று அடி இடைவெளி இருக்கிறது என்று நம்பி வேகமெடுத்தவர், இரண்டு அடிதான் இருக்கிறது என்பதைத் தரை தட்டும்போது அறிவார்.

வேகத்துக்கு இன்னொரு உச்சவரம்பும் இருக்கிறது. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 14 அடிக்கு மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர். 9 அடிக்குச் சுமார் 19. கப்பல் இந்த வேகத்தை நெருங்க நெருங்க, தான் எழுப்பிய அலையைத் தானே முட்டித் தள்ளவேண்டியிருக்கும். எரிபொருள் கொட்டினாலும் வேகம் கூடாது, கரைதான் அரிக்கும். ஆற்றுக் கப்பல் மெதுவாகப் போவதை ஒரு வாழ்க்கைத் தத்துவமாகவே விளம்பரம் செய்கிறார்கள். அதில் பாதி இயற்பியல்.

உயரத்துக்கு வேறொரு நீர்வழி நல்ல உதாரணம். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கும் ஈரி கால்வாய் 1825-இல் திறந்தது. பெரிதாக்கிய இன்றைய கால்வாய் 1918-இலிருந்து ஓடுகிறது. அதன் மேற்குப் பகுதியில் பாலங்களுக்கும் நீருக்கும் நடுவே 15.5 அடிதான். இரண்டு தளம் உள்ள கப்பலே தலையை இடித்துக்கொள்ளும். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வாரன் என்ற சிற்றூரில் கப்பல் கட்டிக்கொண்டிருந்த லூதர் பிளவுண்ட் இதற்கு ஒரு வழி கண்டார். கப்பலின் ஓட்டுநர் அறையை ஹைட்ராலிக் முறையில் கீழே இறக்கிவிடும்படி செய்தார். பாலம் வரும்போது கப்பல் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், தாண்டியதும் நிமிரும். முனையைத் திறந்து சரிவுப் பலகையை இறக்கினால் படகுத்துறையே இல்லாத மணற்கரையில் பயணிகள் நேரே இறங்கலாம். 1966-இல் அவர் தொடங்கிய நிறுவனம் இத்தகைய கப்பல்களைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. அமெரிக்கச் சிறுகப்பல் கலையின் மேதை என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நான் இவரைத்தான் சொல்வேன்.

அவருடைய கப்பல்கள் காகிதத்தில் நூறு டன்னுக்கும் குறைவு. நூறு பேருக்கு அறையும் சாப்பாட்டுக் கூடமும் உள்ள இரும்புக் கப்பல் அது எப்படி? இந்த டன் எடையைக் குறிப்பதல்ல, உள் கொள்ளளவைக் குறிப்பது; நூறு கன அடி ஒரு டன். அமெரிக்கச் சட்டத்தில் நூறு டன்னுக்குக் கீழே இருந்தால் சிறுகப்பல். விதிகளின் சுமை குறைவு. பழைய அளவை முறையில், கப்பலின் உட்புறத்தை விலா எலும்புகளின் உள்விளிம்பு வரைதான் அளப்பார்கள். விலாவைத் தேவைக்கு மேல் தடியாக வைத்தால் அளவு சுருங்கும். ஒரு தளத்தில் குறிப்பிட்ட மாதிரி திறப்பு வைத்தால் அந்த இடம் 'திறந்தவெளி' ஆகிவிடும், கணக்கில் வராது. பயணி நடமாடும் தளம், சட்டத்தின் கண்ணுக்கு வெறும் காற்று. இதற்கென்றே தேர்ந்த கப்பல் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டத்தையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டியதாக இருக்கவேண்டும். ஐரோப்பாவின் ரைன் ஆற்றுக் கப்பலை விலைக்கு வாங்கி மிசிசிப்பியில் விடமுடியாது. உள்நாட்டில் கட்டினால் விலை அதிகம். ஆகவே கப்பல்கள் குறைவு, சீட்டு விலையும் கூடுதல்.

மிசிசிப்பியின் கதை கொலம்பியாவுக்கு நேர் எதிரானது. மினியாபொலிஸிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை அங்கும் படிக்கட்டு உண்டு. 1930-இல் நாடாளுமன்றம் ஒன்பதடி ஆழத்துக்கு ஒப்புதல் தந்தபின் வரிசையாக அணைகள் எழுந்தன. செயின்ட் லூயிஸுக்குக் கீழே ஆயிரம் மைலுக்கு மேல் ஓர் அணைகூட இல்லை. வானம் கொடுத்தது ஆற்றில் ஓடும். கீழ்ப்பகுதிக்கு அதிக நீர் தருவது ஓஹையோ ஆறு. ஓஹையோ படுகையில் மழை பொய்த்தால் ஆற்றோர நகரமான மெம்ஃபிஸில் தெரியும். 2022 அக்டோபரில் மெம்ஃபிஸ் அளவுகோல் மைனஸ் 10.81 அடி காட்டியது. மறு ஆண்டு அதே மாதம் மைனஸ் 12.04. ஆற்றில் மைனஸ் நீர்மட்டமா என்று திகைக்க வேண்டாம். அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரை இல்லை. ஒப்பிடுவதற்காக முன்பு குறித்துவைத்த ஒரு மட்டம்தான் அது. அதற்குக் கீழேயும் ஆழமான கால்வாயில் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கால்வாய் ஒடுங்கிப்போனதால் பார்ஜுகள் வரிசையில் காத்துக்கிடந்தன. 2022-இல் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த, 386 பேர் ஏறும் 'வைக்கிங் மிசிசிப்பி' கப்பலின் பயணமும் இடையில் நின்றது. ஆற்றின் ஓட்டம் தளர்ந்ததால் மெக்சிகோ வளைகுடாவின் உப்புநீர், கனம் அதிகமாதலால், அடித்தரையை ஒட்டி மேல்நோக்கி ஊர்ந்தது. நியூ ஆர்லியன்ஸின் குடிநீரைக் காப்பாற்ற ஆற்றடியில் மண்திட்டு போட்டுத் தடுத்தார்கள். படிக்கட்டு இல்லாத ஆறு என்ன செய்யும் என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகளே போதும்.

மீண்டும் கொலம்பியாவுக்கு வருவோம். மலைத்தொடரைக் கப்பல் தாண்டுவது லாக்குகளின் சாதனை மட்டுமல்ல. மலை எழுவதற்கு முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மலை மெல்ல மெல்ல உயர, ஆறு அதே வேகத்தில் அறுத்துக்கொண்டே வந்தது. அதனால்தான் காஸ்கேட் மலைகளைக் கடல்மட்டத்தை ஒட்டிய உயரத்தில் கடக்க இந்த ஒரே வழி இருக்கிறது. போனவில் அணையின் அடிவாரம் வரை கடலின் ஏற்றவற்றம் எட்டுகிறது. கப்பல் பள்ளத்தாக்கில் நுழையும்போது இருகரையும் பாசி படிந்த ஊசியிலைக் காடு. ஆண்டுக்குச் சுமார் 75 அங்குல மழை. நாற்பது மைல் தாண்டி தி டால்ஸ் வரும்போது மழை 14 அங்குலம்; மரமே இல்லை, பழுப்பு நிறப் புல்மேடு. மலை, கடல்காற்றின் ஈரத்தைப் பிழிந்துகொண்டு மறுபக்கம் வறண்ட காற்றை அனுப்புகிறது. மழைமறைவு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்ததைக் கப்பலில் அரைநாளில் கண்ணால் பார்க்கலாம்.

கரையில் அடுக்கடுக்காகத் தெரியும் கறுப்புப் பாறை பசால்ட். சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, நிலத்தின் வெடிப்புகளிலிருந்து எரிமலைக் குழம்பு அலையலையாக வழிந்து உறைந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளம். ஆனால் இந்தப் பாறையை இப்படிக் குடைந்து சீவியது யார் என்ற கேள்வியில்தான் அறிவியல் நாற்பது ஆண்டுகள் சண்டை போட்டது.

ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர் 1923-இல் எழுதத் தொடங்கினார். கிழக்கு வாஷிங்டன் மாநிலத்தில் ஆறே இல்லாத இடத்தில் பெரும் பள்ளத்தாக்குகள், நீரே இல்லாத அருவிகள், சமவெளியில் திக்கற்றுக் கிடக்கும் பாறாங்கற்கள். இவை ஒரு மாபெரும் வெள்ளத்தின் வேலை என்றார். நிலவடிவங்கள் மெல்ல மெல்லத்தான் மாறும் என்பது அன்றைய புவியியலின் உயிர்நாடி. ஒரேயடியான வெள்ளம் என்றாலே பைபிள் கதை வாடை அடித்தது. 1927-இல் வாஷிங்டன் நகரில் கூட்டம் கூட்டி அவரைக் குடைந்தெடுத்தார்கள். அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் திடமான பதில் இல்லை. பதில் ஜோசப் பார்டீ என்பவரிடம் இருந்தது. பனியுகத்தில் மொன்டானாவில் ஒரு பிரம்மாண்ட ஏரி இருந்ததை அவர் முன்பே ஆராய்ந்திருந்தார். கனடாவிலிருந்து இறங்கிய பனிப்பாளம் ஒன்று ஐடஹோவில் ஆற்றை அடைத்துத் தேக்கிய மிசூலா ஏரி அது. அணையருகே ஆழம் சுமார் 2,000 அடி. 1940-களின் தொடக்கத்தில், அந்த ஏரியின் பழைய தரையில் பிரம்மாண்டமான சரளைக்கல் அலைத்தடங்கள் இருப்பதை அவர் விவரித்தார். பெருக்கெடுத்து ஓடிய நீரில்தான் அவ்வளவு பெரிய தடங்கள் உருவாகும். பனி மிதக்கும்; நீர் போதிய உயரம் ஏறியதும் பனியணையின் அடி தளர்ந்தது. அணை உடைந்து, சில நாட்களிலேயே ஏரி காலியாகி, பனி மீண்டும் அடைத்து, மீண்டும் உடைந்து, ஒருமுறை இருமுறை அல்ல, பல முறை நடந்திருக்கிறது.

மெக்னேரி அணையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் வலூலா இடுக்கு வரும். இருபுறமும் செங்குத்துப் பசால்ட் சுவர். வெள்ளம் முழுவதும் இந்த ஒரே வாசலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. நுழைய முடியாமல் பின்னால் தேங்கி ஒரு தற்காலிக ஏரியே உருவானது. கப்பலின் மேல்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், சுவரின் உச்சியையும் நீர் மூழ்கடித்திருந்தது என்று நம்புவது கடினம். கீழே தி டால்ஸ் அருகே வெள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ ஆயிரம் அடி; இன்றைய போர்ட்லாந்து நகரம் இருக்கும் இடத்தில் சுமார் 400 அடி. பிரெட்ஸுக்கு அமெரிக்கப் புவியியல் சங்கம் தன் உயரிய பென்ரோஸ் பதக்கத்தை 1979-இல் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. வாதிட்டு மறுத்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

அந்த வெள்ளங்கள் சீவிய பாறைகளில் ஒன்றுதான் செலைலோ அருவி. குதிரைலாட வடிவப் பாறை இடுக்குகளில் கொலம்பியா விழுந்த இடம். அங்கே மரச்சாரம் கட்டி நீண்ட கைவலையால் சால்மன் பிடித்த பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தார்கள். தொலைதூர இனங்கள் வந்து பண்டம் மாற்றும் சந்தையும் அதுவே. 1957 மார்ச் 10 அன்று தி டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்தில் அருவி நீருக்கடியில் போனது. அணை கட்டும்போது அருவியைப் பாறையோடு வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்ற பேச்சு நெடுநாள் உலவியது. 2008-இல் பொறியாளர் படை ஒலியலைக் கருவியால் ஆற்றடியைப் படம் பிடித்தது. பாறைகள் அப்படியே இருந்தன. இன்று கப்பல் அந்த அருவிக்கு மேலேதான் போகிறது. அறிவிப்பாளர் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

சால்மனுக்கு இந்தப் படிக்கட்டு வேறு பொருள் தருகிறது. கடலில் வளர்ந்த மீன் முட்டையிடப் பிறந்த ஓடைக்குத் திரும்பும். இந்த எட்டு அணைகளிலும் மீனுக்கென்று தனிப் படிகள் உண்டு. போனவிலில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்று பயணிகள் மீன் ஏறுவதைப் பார்க்கலாம், பக்கத்து அறையில் ஊழியர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பார். ஏறுவதைவிட இறங்குவதுதான் குஞ்சுகளுக்குக் கடினம். முன்பு வசந்தகால ஓட்டமே அவற்றை வால் முன்னே, தலை பின்னே என்று கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். ஓட்டமில்லாத ஏரிகளில் நாட்கள் நீளுகின்றன, வெயிலில் நீர் சூடேறுகிறது, டர்பைன்களும் காத்திருக்கின்றன. இதற்குப் பொறியாளர் படை கண்ட வழி விநோதமானது. ஸ்னேக் ஆற்று அணைகளில் குஞ்சுகளைச் சேகரித்து, தொட்டி பொருத்திய பார்ஜுகளில் ஏற்றி, அதே லாக்குகள் வழியாக இறக்கி, போனவிலுக்குக் கீழே விடுகிறார்கள். மீனும் கப்பலில் போகிறது.

1800-களுக்கு முன் ஆண்டுக்கு ஒரு கோடி முதல் 1.6 கோடி சால்மனும் அதன் உறவு மீன்களும் இந்தப் படுகைக்குத் திரும்பின என்பது மதிப்பீடு. இப்போது அதில் சிறு பங்கே. ஸ்னேக் ஆற்றின் நான்கு அணைகளையும் உடைத்துவிட வேண்டும் என்று பழங்குடி அரசுகளும் மீனியலாளர்களும் கோருகிறார்கள். கோதுமை விவசாயிகளும் லூயிஸ்டன் துறைமுகமும் கூடாது என்கிறார்கள். மின்சாரம், ரயில் கட்டணம், பாசனம் எல்லாம் வாதத்தில் இருக்கின்றன. சுற்றுலாக் கப்பல்கள் அதில் ஓர் அடிக்குறிப்பு. எனக்கு மீனியலாளர்களின் வாதம் வலுவாகத் தெரிகிறது. அணைகள் போனால் மேல்நான்கு படிகளும் போகும். கப்பல்கள் மெக்னேரிக்குச் சற்று மேலே திரும்பிவிட வேண்டியதுதான்.

அணையை உடைக்காமலே படிக்கட்டு நின்றுபோவதும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் பராமரிப்புக்காக லாக்குகளை மூடுகிறார்கள். 2019 செப்டம்பரில் போனவில் லாக்கின் கீழ்க்கதவு உட்காரும் கான்கிரீட் விளிம்பில் விரிசல் கண்டது. கதவு சரியாக உட்காரவில்லை, நீர் கசிந்தது. சுமார் மூன்று வாரம் ஆறு முழுவதும் இரண்டாகத் துண்டுபட்டது. அறுவடைக் கோதுமை மேலே தேங்கியது. மற்ற ஏழு லாக்குகளும் பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை.

கிளார்க்ஸ்டனில் கப்பல் கட்டியபின் மறுநாள் காலை, பயணிகளை அலுமினிய ஜெட் படகுகளில் ஏற்றி ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். வட அமெரிக்காவிலேயே ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கு. உச்சியிலிருந்து ஆறு வரை கிட்டத்தட்ட 8,000 அடி. ஊரைத் தாண்டிச் சில மைலில் லோயர் கிரானைட் ஏரி முடிந்து, நீர் சலசலக்கத் தொடங்குகிறது. 14 அடி ஆழத்துக்கு இங்கே யாரும் பொறுப்பில்லை. படகின் அடியில் சுழலும் விசிறியும் கிடையாது. அடித்தட்டின் துவாரம் வழியாக ஆற்றுநீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளுகிறது எந்திரம். வேகமெடுத்து நீரின் மேல் எழும்பிவிட்டால் ஓரடிக்கும் குறைவான ஆழம் போதும். ஓட்டுபவர் கருவியைப் பார்ப்பதைவிட நீரைத்தான் அதிகம் பார்க்கிறார். எங்கே மினுமினுப்பு, எங்கே சுழி, எங்கே பாறை மறைந்திருக்கும் வழவழப்பு என்று பார்த்து வளைத்துப் போகிறார். சாலை போகாத அந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைவீடுகளுக்கு 1919 முதல் தபாலும் லூயிஸ்டனிலிருந்து படகில்தான் போகிறது.